அடித்தண்ணீரின் வேகம்

ஆறு ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது மேல்தண்ணீர் மட்டும்தான். நுரையும் சருகும் போகிற வேகம் அது. அதற்கு அடியில், படுகையின் கூழாங்கற்களை உரசிக்கொண்டு போகிற தண்ணீர் மெதுவாக நகர்கிறது. கல்லோடு ஒட்டிய நீர்ப்படலம் நகர்வதே இல்லை. அது தனக்கு மேலுள்ள படலத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. அந்தப் படலம் தனக்கு மேலுள்ளதை. அடியில் பிறக்கும் இந்தத் தடை மேலே போகப்போகத் தேய்ந்துவிடுகிறது. நீரியலாளர்கள் கையாளும் ஓர் எளிய சூத்திரத்தின்படி, இரண்டு மீட்டர் ஆழமுள்ள ஆற்றில் மேல்தண்ணீர் விநாடிக்கு 100 செ.மீ. வேகத்தில் போனால், படுகையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் வேகம் ஏறத்தாழ 65 செ.மீ.தான். பெரிய கற்கள் நிறைந்த படுகை என்றால் இன்னும் குறையும். ஒரு மிதவையை விட்டு, அது குறிப்பிட்ட தூரத்தைக் கடக்கும் நேரத்தைக் கொண்டு ஆற்றின் ஓட்டத்தை அளக்கும் பொறியாளர்கள்கூட, கிடைத்த வேகத்தை 0.85 அல்லது அதற்கு நெருக்கமான ஓர் எண்ணால் பெருக்கிய பிறகுதான் ஏட்டில் எழுதுவார்கள்.

இங்கிலாந்தின் டிரென்ட் ஆற்றில் வாழும் பார்பெல், சப் போன்ற மீன்கள் பெரும்பாலும் அந்த மெதுவான அடித்தண்ணீரில்தான் தங்குகின்றன. அங்கே இருந்தால் நீந்துவதற்குச் செலவாகும் சக்தி குறைவு. அவற்றுக்கு இரையாகும் புழுக்கள், பூச்சிகளின் இளவுயிரிகள், மீன் முட்டைகள் எல்லாம் அதே தண்ணீரோடு அதே வேகத்தில் உருண்டு வருகின்றன. அந்தக் கூட்டத்தில் ஒரே ஓர் இரை மட்டும் ஒன்றரை மடங்கு வேகத்தில் பறந்து போனால், நல்ல பசியில் இருக்கும் மீன்கூடச் சந்தேகப்படும்.

தக்கை கட்டி ஓடும் ஆற்றில் மீன்பிடிப்பவரின் சிக்கல் முழுக்க இதற்குள் அடங்கிவிடுகிறது. தக்கை இருப்பது வேகமான மேல்தண்ணீரில். முள்ளும் இரையும் இருக்க வேண்டியது மெதுவான அடித்தண்ணீரில். இரண்டையும் ஒரே நரம்பு இணைக்கிறது. எனவே எந்தத் தக்கை, எந்த நரம்பு என்ற கேள்விக்குக் கடை அலமாரியைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. படுகையில் தொடங்கி மேலே வர வேண்டும்: இரையைக் கீழே இறக்க நரம்பில் கோக்கும் குண்டின் எடையை ஆழமும் ஓட்டமும் சொல்லும், குண்டு தக்கையைச் சொல்லும், தக்கை நரம்பைச் சொல்லும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கண்ணைப் பறிக்கும் ஒரு தக்கையை முதலில் வாங்கிவிட்டு, பிறகு அதற்கேற்ற ஆற்றைத் தேடிப் போகிறார்கள்.

ரீல் கேட்கும் கூலி

சென்டர்பின் ரீல் என்பது இந்த மீன்பிடிக்காகவே வளர்ந்த கருவி. நடுவில் ஓர் அச்சு, அதன்மேல் சுற்றும் ஓர் உருளை, உருளையில் நரம்பு, அவ்வளவுதான். நரம்பை வெளியே விட இடையில் பல்சக்கரமோ பிடிப்போ கிடையாது. வாளி இறங்கும்போது கிணற்று ராட்டினம் தன்பாட்டுக்குச் சுற்றுவதுபோல, ஆறு தக்கையை இழுக்க இழுக்க உருளை சுற்றி நரம்பைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பிரேக் வேண்டுமென்றால் உருளையின் விளிம்பில் கட்டைவிரலை வைக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் டிரென்ட் கரையிலுள்ள நாட்டிங்காம் நகரத்தின் பெயரால் அறியப்பட்ட ரீல்கள் மரத்தில் கடையப்பட்டவை. மழையில் மரம் ஊறி உப்பினால் உருளை சட்டத்தில் உரசி நின்றுவிடும். 1890-களில் அதே நகரத்தைச் சேர்ந்த ஹென்றி காக்ஸன் வடிவமைத்து, ரெட்டிச் நகரின் ஆல்காக் நிறுவனம் தயாரித்த ‘ஏரியல்’ ரீலில் கனமான மர உருளைக்குப் பதில் மெல்லிய கம்பி ஆரங்கள் வந்தன. 1905-இல் யார்க்‌ஷயரின் ஜவுளி ஆலைக்காரர் ஆல்ஃபிரெட் இல்லிங்வொர்த், உருளை அசையாமல் நிற்க நரம்பு மட்டும் விளிம்பு வழியாக உருவி வரும் ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வாரிசுகள்தான் இன்று உலகம் முழுதும் எல்லாக் கடைகளிலும் தொங்குபவை. தூரமாக வீசுவதற்கு அவை வசதியானவை. ஆனால் ஓடும் தக்கையை ஒரே சீராகப் பின்தொடர்ந்து நரம்பு கொடுக்கும் வேலையில் பழைய உருளைக்கு இணையாக அவற்றால் வர முடியவில்லை. வட அமெரிக்காவின் பேரேரிகளில் விழும் ஆறுகளில் ஸ்டீல்ஹெட் மீனைத் தேடுபவர்கள் இன்றும் சென்டர்பின்னைக் கையில் எடுப்பதற்குக் காரணம் அதுதான். ஸ்டீல்ஹெட் பசிபிக் கரையைச் சேர்ந்த மீன். 1876-இல் மிச்சிகனின் ஆ சேபிள் ஆற்றில் கொண்டுவந்து விடப்பட்டது. மீன் மேற்கிலிருந்து வந்தது, அதைப் பிடிக்கும் ரீல் கிழக்கே இங்கிலாந்திலிருந்து வந்தது.

தக்கையின் பக்கமிருந்து இந்த ரீலைப் பார்ப்போம். ஏறத்தாழ மூன்று கிராம் குண்டு தாங்கும் ஒரு தக்கையின் பக்கவாட்டுப் பரப்பு 8 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் அதைவிட விநாடிக்கு 10 செ.மீ. கூடுதல் வேகத்தில் ஓடினால், தக்கைமேல் விழும் தள்ளுவிசை அரை கிராமுக்கும் குறைவு. வேக வித்தியாசம் 30 செ.மீ. ஆனால் விசை மூன்று மடங்கு அல்ல, ஒன்பது மடங்கு. கிட்டத்தட்ட நான்கு கிராம். நீரின் தள்ளுவிசை வேகத்தின் இருமடியைப் பின்பற்றுகிறது. உருளையைச் சுற்ற ஒரு கிராம் விசை வேண்டுமென்றால், அந்தத் தக்கை தண்ணீரைவிட விநாடிக்கு 16 செ.மீ. பின்தங்கித்தான் ஆக வேண்டும். அந்த ஒரு கிராம்தான் ரீல் கேட்கும் கூலி. வேகமான ஆற்றில் இந்தப் பின்தங்கல் நல்லதே. தக்கை தானாகவே மேல்தண்ணீரைவிட மெதுவாகப் போகும். ஆனால் மேல்தண்ணீரே விநாடிக்கு 20 செ.மீ. வேகத்தில் நகரும் சோம்பலான ஆற்றில் அதே ரீல் தக்கையைக் கட்டிப்போட்டுவிடும்.

இங்கே கடைக்காரர்களின் ஒரு வித்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உருளையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, எத்தனை நிமிடம் சுற்றுகிறது பாருங்கள் என்பார்கள். அது உராய்வை மட்டும் காட்டும் சோதனை அல்ல. விளிம்பு கனமான உருளை, உராய்வு அதிகமாக இருந்தாலும், தன் கனத்தின் உந்தத்தாலேயே நெடுநேரம் சுற்றும். ஆற்றில் நமக்குத் தேவை நேர் எதிரானது: எளிதில் கிளம்ப வேண்டும், தக்கை தயங்கினால் உடனே நிற்க வேண்டும். 120 கிராம் எடையுள்ள ஓர் உருளையைக் கிளப்புவது, தக்கையின் கணக்கில், 60 கிராம் பொருளைக் கூடவே இழுத்துச் செல்வதற்குச் சமம். மூன்று கிராம் தக்கைக்கு அது பெரும் சுமை. தக்கை ஒரு சுழலில் தயங்கும்போது கனமான உருளை நிற்காமல் சுற்றினால், நரம்பு தளர்ந்து உருளையைச் சுற்றிக் கூடு கட்டும். நல்ல சோதனை வேறொன்று உண்டு. உருளையிலிருந்து தொங்கும் நரம்பில் சிறிய குண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி, எந்த எடையில் உருளை தானாக அசையத் தொடங்குகிறது என்று பார்ப்பது. கடையில் இதைச் செய்ய விடுவார்களா என்பது வேறு விஷயம்.

தக்கையின் தலை

தக்கையைப் பெரும்பாலோர் மீன் கடித்ததைச் சொல்லும் கருவியாக நினைக்கிறார்கள். ஓடும் ஆற்றில் அது இரண்டாவது வேலை. முதல் வேலை, குண்டுகளைச் சுமந்துகொண்டு போகும் வண்டியாக இருப்பது. குண்டு எவ்வளவு என்பதை ஆழமும் ஓட்டமும் தீர்மானிக்கின்றன. மெல்லிய குச்சித் தக்கைக்கு இங்கிலாந்தில் வழங்கும் கைக்கணக்கு, ஓர் அடி ஆழத்துக்கு ஒரு நான்காம் எண் குண்டு. அந்தக் குண்டு 0.17 கிராம். ஆறடி ஆழத்துக்கு ஒரு கிராம் என்று வருகிறது. இது அமைதியான ஓட்டத்துக்கான கணக்கு. முட்டி மோதி வரும் தண்ணீருக்கு இதைவிடப் பல மடங்கு வேண்டும்.

குண்டுகளின் பிரிட்டிஷ் பெயர்கள் புதியவருக்குத் தலைசுற்றலைத் தரும். பி.பி. என்றால் 0.4 கிராம், ஏ.ஏ.ஏ. அதன் இரட்டிப்பு, 0.8, எஸ்.எஸ்.ஜி. அதற்கும் இரட்டிப்பு, 1.6. தக்கையின் உடலில் ‘3 எஸ்.எஸ்.ஜி.’ என்று அச்சிட்டிருந்தால் அது ஏறத்தாழ ஐந்து கிராம் தாங்கும். ஐரோப்பியத் தக்கைகளில் நேரடியாகக் கிராமே போட்டுவிடுகிறார்கள், அதுதான் நாகரிகம்.

எத்தனை கிராம் தாங்கும் என்பதோடு, தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தலை எவ்வளவு தடிமன் என்பதையும் பார்க்க வேண்டும். இதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தக்கைக் கடையின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தலையின் குறுக்களவு 3 மி.மீ. என்றால், அதன் ஒரு செ.மீ. நீளத்தைத் தண்ணீருக்குள் அமுக்க 0.07 கிராம் போதும். மிகச் சிறிய எட்டாம் எண் குண்டின் எடை 0.06. அதாவது ஒரு தூசிக் குண்டை மீன் இலேசாகத் தூக்கினாலும் இறக்கினாலும் தலை ஒரு செ.மீ. ஏறி இறங்கிக் காட்டிவிடும். தலை 8 மி.மீ. தடிமன் என்றால் அதே ஒரு செ.மீ.க்கு அரை கிராம் வேண்டும்.

அப்படியானால் மெல்லிய தலைதானே நல்லது? குளத்தில் ஆம். ஓடும் ஆற்றில் தண்ணீர் முன்னோக்கி மட்டும் போவதில்லை. பாறைக்குப் பின்னால் மேலேறும், பள்ளத்தில் கீழிறங்கும். விநாடிக்கு 30 செ.மீ. வேகத்தில் கீழ்நோக்கி இழுக்கும் ஒரு சுழல், 15 மி.மீ. குறுக்களவுள்ள தக்கையுடலை ஏறத்தாழ அரை கிராம் விசையோடு அமுக்குகிறது. 3 மி.மீ. தலைக்கு அது ஏழு செ.மீ. ஆழம், தக்கை முழுதாகக் காணாமல் போகும், மீன் கடித்ததாக நினைத்து வெறும் தண்ணீரை வெட்டி இழுப்போம். 8 மி.மீ. தலைக்கு அது ஒரு செ.மீ. மட்டுமே, தலை ஒருமுறை முங்கி நிமிரும். இங்கிலாந்தில் ‘லோஃபர்’, ‘சப்பர்’ என்று விற்கும் கட்டையான, தலை பருத்த தக்கைகள் அலையடிக்கும் ஆறுகளுக்கென்று இருப்பதன் காரணம் இதுதான். பார்க்க அழகில்லாதவை என்று பலர் அவற்றைத் தொடுவதில்லை. ஓட்டம் மிகுந்த ஆற்றில் என் தேர்வு அவைதான்.

உடலின் பருமன் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதும் முக்கியம். இங்கேதான் நாம் தொடங்கிய வேக வித்தியாசம் திரும்ப வருகிறது. தக்கையைத் தன்போக்கில் விட்டால் அது மேல்தண்ணீரோடு ஓடி, குண்டையும் இரையையும் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். மீன் முதலில் பார்ப்பது நரம்பையும் குண்டையும். இரை கடைசியில் வரும். எனவே உருளையின் விளிம்பில் விரலை வைத்துத் தக்கையைச் சற்றே தடுத்துப் பிடிக்கிறார்கள். தக்கை மெதுவாக, அடியிலுள்ள இரை தண்ணீரோடு முன்னே போகிறது; நரம்பு கீழ்நோக்கி முன்சாய்கிறது. இப்போது மீன் முதலில் காண்பது இரையைத்தான். ஆனால் தடுத்துப் பிடித்த தக்கையைத் தண்ணீர் சும்மா விடாது. உடல் முழுதும் ஒரே பருமனாக உள்ள மெல்லிய தக்கை, நரம்பு மேலே இழுக்க, நீர் கீழே தள்ள, சாய்ந்து மேலெழும்பிப் படுத்துவிடும். மேற்பகுதியில் தோள் பருத்த ‘ஏவான்’ வகைத் தக்கை அந்த இழுப்பைத் தாங்கி நிமிர்ந்து நிற்கும். பால்சா மரத்தில் தலையும் கனமான பிரம்பில் காலும் வைத்துச் செய்யும் குச்சித் தக்கைகள் இடைப்பட்டவை: கனம் அடியில் இருப்பதால் சாய்ந்தாலும் திரும்ப நிமிரும், இலேசாகத் தடுத்துப் பிடிப்பதைப் பொறுத்துக்கொள்ளும்.

இவை எல்லாம் மேலும் கீழும் இரண்டு இடங்களில் சிலிக்கான் வளையங்களால் நரம்போடு பிணைக்கப்படுபவை. அடியில் மட்டும் கோக்கும் ‘வேக்லர்’ தக்கைகள் காற்றடிக்கும் அசைவற்ற நீருக்கானவை. பழைய வேக்லர்கள் மயிலிறகின் தண்டில் செய்யப்பட்டவை. சென்டர்பின்னோடு அவற்றைச் சேர்ப்பதில் பெரிய பயனில்லை. தடுத்துப் பிடித்தால் தலைகுப்புறக் கவிழும்.

குண்டைக் கோக்கும் முறையில் ஒரே ஒரு விஷயம் சொல்லி விடலாம். அமைதியான ஓட்டத்தில் சட்டைப் பொத்தான் வரிசையாக, சம இடைவெளியில் சிறுசிறு குண்டுகள். இரை மெல்ல இறங்கும். கடும் ஓட்டத்தில் பெரும்பகுதி எடையை முள்ளுக்கு மேலே ஓர் இடத்தில் திரட்டுவது. மற்றதெல்லாம் இந்த இரண்டின் கலவை.

குண்டு ஈயமாக இருந்த காலம் இங்கிலாந்தில் 1987-இல் முடிந்தது. அன்னப்பறவைகள் தங்கள் அரைப்பையில் உணவை அரைக்கச் சிறுகற்களை விழுங்குபவை. ஆற்றடியில் கிடந்த ஈயக் குண்டுகளையும் கல்லென்று விழுங்கி நஞ்சேறிச் செத்தன. 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம்வரை எடையுள்ள ஈயக் குண்டுகளின் விற்பனை தடை செய்யப்பட்டது. எட்டாம் எண் குண்டும் அதைவிடச் சிறியவையும் மட்டும் இன்றும் ஈயத்தில் கிடைப்பது அந்த 0.06 என்ற எல்லையால்தான். மற்ற குண்டுகளில் வெள்ளீயம் போன்ற மாற்றுகள் வந்தன. ஈயத்தின் அடர்த்தி 11.3, வெள்ளீயத்துடையது 7.3. அதே எடைக்கு வெள்ளீயக் குண்டின் பருமன் ஒன்றரை மடங்கு, தண்ணீர் மோதும் பரப்பு மூன்றில் ஒரு பங்கு அதிகம். பழைய புத்தகத்தில் நான்கு குண்டு போதும் என்று எழுதியிருக்கும் இடத்தில் இன்று ஐந்து தேவைப்பட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய அறிவுரையைப் படிக்கும்போது உலோகம் மாறிவிட்டதை நினைவில் வைக்க வேண்டும்.

மிதக்கும் நரம்பு

இனி நரம்பு. இதில்தான் விளம்பரமும் இயற்பியலும் அதிகம் பிரிந்து நிற்கின்றன.

தக்கைக்கும் கோலின் நுனிக்கும் இடையில் 20 மீட்டர் நரம்பு தண்ணீர்மேல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடு ஆற்றின் ஓட்டம் கரையோரத்தைவிட வேகமானது. நரம்பின் நடுப்பகுதியை அது வளைத்துத் தொப்பை போடவைக்கும். 0.20 மி.மீ. நரம்பில் பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு தொப்பையை விநாடிக்கு 30 செ.மீ. ஓட்டம் தள்ளினால், ஐந்தாறு கிராம் விசை சேர்ந்துவிடும். முன்பு பார்த்த மூன்று கிராம் தக்கையை ஆறு தள்ளும் விசையைவிட இது அதிகம்! தக்கை இனி ஆற்றின் சொல் கேளாது. நரம்பின் சொல்தான் கேட்கும். அது தன் பாதையிலிருந்து விலகிக் கரைப்பக்கம் இழுபடும், இரையும் அதோடு போகும்.

மருந்து, நரம்பைத் தண்ணீரிலிருந்து தூக்கித் தொப்பையை மேலோட்டப் பக்கம் புரட்டிப் போடுவது. 13, 14 அடி நீளக் கோல்கள் இதற்குத்தான். ஆனால் நரம்பு மேற்பரப்பில் மிதந்தால் மட்டுமே அதைத் தூக்க முடியும். முங்கிய நரம்பைத் தூக்குவது அத்தனை மீட்டர் தண்ணீரையும் கிழித்துக்கொண்டு வருவதாகும், தக்கை இடம்பெயர்ந்துவிடும். ஆகவே சென்டர்பின் நரம்பின் முதல் தகுதி மிதப்பது.

‘மிதக்கும் நைலான்’ என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்ததும் ஒருவர் கேட்கலாம்: நைலானின் அடர்த்தி 1.14 ஆயிற்றே, தண்ணீரைவிடக் கனமாயிற்றே, எப்படி மிதக்கும்? கேள்வி நியாயமானது. 0.20 மி.மீ. நைலான் நரம்பு ஒரு மீட்டர் எடுத்தால் 0.036 கிராம். தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை, நரம்பின் இருபுறமும் சேர்த்து, ஒரு மீட்டர் நீளத்துக்கு அதிகபட்சமாக 14 கிராம்வரை தாங்கக்கூடியது. தாங்கும் திறன் எடையைப் போல் ஏறத்தாழ நானூறு மடங்கு. எனவே நரம்பு மிதப்பதும் முங்குவதும் அதன் அடர்த்தியைப் பொறுத்ததே அல்ல. அதன் தோலைத் தண்ணீர் நனைக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. தோலில் இலேசாக எண்ணெய்ப்பசை இருந்தால் தண்ணீர் ஒட்டாது, நரம்பு மேற்பரப்பில் படுத்துக் கிடக்கும். அந்தப் பசை கழன்று, நுண்ணிய அழுக்கும் பாசியும் ஏறி, தண்ணீர் ஒருமுறை நரம்பைச் சுற்றி வளைத்துவிட்டால் மேற்பரப்பு இழுவிசைக்கு வேலையில்லை. நரம்பு முங்கத் தொடங்கும்.

புதிதாகச் சுற்றிய நரம்பு முதல் வாரம் நன்றாக மிதந்து பிறகு முங்குகிறதே என்று கம்பெனியைத் திட்டுபவர்கள், ஒரு துணியில் சிலிக்கான் மெழுகையோ தக்கை நரம்புக்கென்று விற்கும் கொழுப்பையோ தொட்டு, முப்பது மீட்டரை உருவிவிட்டாலே போதும். நைலானுக்கு முந்தைய தலைமுறை இதை ஒவ்வொரு நாளும் செய்தது. அன்றைய நரம்பு பட்டு. தண்ணீரை உறிஞ்சி முங்கிவிடும். பூசினார்கள், மாலையில் வீட்டுக்குப் போய் உருளையிலிருந்து கழற்றி உலர்த்தினார்கள், இல்லையென்றால் மக்கிவிடும். முள்ளோடு கட்டும் கடைசி முழம் பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டிச் செய்தது; ஸ்பெயினின் முர்சியா பகுதி அதற்குப் பெயர் பெற்றது. 1938-இல் டூபாண்ட் நிறுவனம் நைலானை அறிவித்து, அடுத்த ஆண்டே அதில் ஒற்றையிழை மீன்பிடி நரம்பையும் செய்யத் தொடங்கியபோது மீன்பிடிப்பவர்களின் மாலை நேரம் அவர்களுக்கே திரும்பக் கிடைத்தது.

தடிமன் அடுத்த கேள்வி. தக்கைக்குக் கீழே இரண்டு மீட்டர் நரம்பு தொங்குகிறது. தக்கையைத் தடுத்துப் பிடிக்கும்போது தண்ணீர் அதை விநாடிக்கு 20 செ.மீ. வேகத்தில் கடந்து போகிறது. 0.20 மி.மீ. நரம்பில் விழும் விசை ஒன்றரை கிராம். 0.30 என்றால் இரண்டு, 0.14 என்றால் ஒன்றுக்குச் சற்று மேல். கீழே தொங்கும் குண்டு மொத்தம் இரண்டு கிராம்தான் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றரை கிராம் பக்கவிசை, இரண்டு கிராம் கீழ்விசை: நரம்பு நேராகத் தொங்கவே வழியில்லை. ஆழத்தைச் சரியாக அளந்து தக்கையை வைத்தும் இரை அடியைத் தொடாமல் மிதந்து போகிறது என்றால் காரணம் பெரும்பாலும் தடித்த நரம்புதான். குண்டைக் கூட்டுவது ஒரு வழி. நரம்பை மெல்லியதாக்குவது அதைவிட நல்ல வழி, அதனால் தக்கையையும் சிறியதாக்கலாம். ரோச், டேஸ் போன்ற சிறு மீன்களுக்கு மூன்று, நான்கு பவுண்டு நரம்பு. பார்பெல்லுக்கு ஆறு, எட்டு. ஸ்டீல்ஹெட்டுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு. இந்த எல்லைகளுக்குள் கீழ்ப்பக்கம் சாய்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

மெல்லியதும் மிதப்பதும் வேண்டுமென்றால் பின்னல் நரம்பு இருக்கிறதே என்று தோன்றும். பாலிஎத்திலீன் இழைகளால் ஆன அதன் அடர்த்தி 0.97, நனைந்தாலும் முங்காது. இழுத்தால் நீளுவது மூன்று, நான்கு சதவீதம்தான். நைலானோ அறுவதற்குள் தன் நீளத்தில் கால்வாசிவரை நீளக்கூடியது; முப்பது மீட்டர் தொலைவில் தக்கை முங்கியதும் அரைக் கிலோ விசையோடு வெட்டினால், மூன்று கிலோ தாங்கும் நைலானில் ஒரு மீட்டருக்கு மேல் நரம்பின் நீட்சியிலேயே போய்விடும். காகிதத்தில் பின்னல்தான் ஜெயிக்க வேண்டும். உருளையில் தோற்கிறது. சென்டர்பின் உருளையில் நரம்பு அதிக இறுக்கமின்றிச் சுற்றப்படுகிறது. பெரிய மீன் இழுக்கும்போது மெல்லிய பின்னல் கீழ்ச் சுற்றுகளுக்குள் புதைந்துவிடும். அடுத்த முறை தக்கை ஓடும்போது புதைந்த இடத்தில் வெடுக்கென்று நிற்கும். பேரேரிப் பகுதியின் குளிர்காலத்தில் இழைகளுக்கிடையே புகுந்த தண்ணீர் கோலின் வளையங்களில் பனிக்கட்டியாகவும் உறையும். நைலானிலும் உறைகிறது, ஆனால் குறைவாக.

புதைவது நைலானுக்கும் நேரும், குறிப்பாக உருளை நிறைய மெல்லிய நரம்பைச் சுற்றினால். அதனால் அடியில் மலிவான தடித்த நரம்பை நிரப்பி, மேலே நூறு மீட்டர் அளவுக்கு மட்டும் நல்ல நரம்பைச் சுற்றுகிறார்கள். உருளை அகலமாக இருப்பதால் இன்னொரு நன்மை உண்டு. நாலரை அங்குல உருளையின் ஒரு சுற்று ஏறத்தாழ 36 செ.மீ.; அதில் கிடக்கும் நரம்பின் வளைவு மிக மென்மையானது. சாதாரண ரீலின் சிறிய உருளையில் சுருண்டு கிடந்து சுருள்சுருளாக வெளிவரும் அதே நரம்பு இங்கே கிட்டத்தட்ட நேராக வரும். நைலான் தண்ணீரை உறிஞ்சினால் இளகும். கோலைப் பூட்டியவுடன் நரம்பைப் பத்து நிமிடம் ஆற்றில் ஓடவிட்டால் மிச்சச் சுருளும் போய்விடும். அந்த உறிஞ்சலுக்கு விலை, ஈர நைலானின் வலிமை உலர்ந்ததைவிடப் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைவு என்பது.

வீசும் முறையும் நரம்பைப் பாதிக்கிறது. உருளையைச் சுழலவிட்டு வீசினால் நரம்பில் முறுக்கு ஏறாது. அது கை பழக நாளாகும். பொறுமையில்லாதவர்கள் உருளையின் பக்கவாட்டிலிருந்து நரம்பை உருவி வீசுகிறார்கள். அப்போது உருவும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு. திரும்பச் சுற்றும்போது உருளை நேராகச் சுற்றுவதால் அந்த முறுக்கு கழல்வதில்லை. வீச வீசச் சேர்ந்துகொண்டே போகும். 1884-இல் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரிலிருந்து வந்த மேலக் ரீல் இதே தொல்லையை எதிர்கொண்டது. உருளையைத் திருப்பி மாட்டினால் அடுத்த வீச்சு முந்தைய முறுக்கைக் கழற்றும்படி அதை அமைத்தார்கள். இன்று தக்கைக்குக் கீழே ஒரு சிறிய சுழலி கோத்துக்கொள்கிறார்கள். பாதிப் பலன்தான் கிடைக்கும், ஏனென்றால் முறுக்கு ஏறுவது தக்கைக்கு மேலே.

சுழலிக்குக் கீழே வருவது முள் நரம்பு. இதற்கு மட்டும் ஃபுளோரோகார்பன். அடர்த்தி 1.78; தண்ணீருக்குள் அதன் நிகர எடை அதே தடிமனுள்ள நைலானைப் போல் ஐந்து மடங்குக்கு மேல். மேலே எது குற்றமோ அது இங்கே குணம். கண்ணுக்குத் தெரியாது என்று விற்கிறார்களே, அதில் பாதி உண்மை. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃபுளோரோகார்பன் 1.42, நைலான் ஏறத்தாழ 1.53. நேராக விழும் ஒளியில் நைலான் அரை சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது, ஃபுளோரோகார்பன் 0.1 சதவீதத்தை. வித்தியாசம் மெய்தான், ஆனால் மறைந்துபோகும் அளவுக்கு இல்லை. தெளிந்த குளிர்நீரில் 0.22-இலிருந்து 0.18-க்கு இறங்குவது, பொருளை மாற்றுவதைவிடப் பல நேரம் அதிகம் உதவும்.

முள் நரம்பு மேல் நரம்பைவிட வலிமை குறைந்ததாக இருக்க வேண்டும். மேலே பத்துப் பவுண்டு என்றால் கீழே ஆறு. ஸ்டீல்ஹெட் தேடும் ஆறுகளின் அடி முழுக்கக் கல்லும் மூழ்கிய மரமும்தான். சரியான ஆழத்தில் ஓடும் முள் அவ்வப்போது சிக்கித்தான் தீரும். இழுத்தால் முள்ளும் கடைசி ஒன்றிரண்டு முழமும் அறுந்து போகும். தக்கையும் குண்டுகளும் கரைக்கு வந்துவிடும். இரண்டும் ஒரே வலிமை என்றால் முடிச்சு எங்கே பலவீனமோ அங்கே அறும். அது தக்கைக்கு மேலே என்றால், தலையைக் காட்டிக்கொண்டே தக்கை அடுத்த வளைவைத் தாண்டி ஏரிக்குப் போய்ச் சேரும்.